ஆர்லிஸ் தேடாத பெயர்

ஊருக்கு ஒரு வழக்குத்தேடி உண்டு. எங்கள் டெல்விக்கில் பனி பெய்யாத மாதம் உண்டு, சீஸ் இல்லாத விருந்துகூட எப்போதாவது உண்டு, வழக்குத்தேடி இல்லாத தெரு மட்டும் கிடையாது. இந்த இனத்தைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிக்க முடியாது. கொம்பு இருக்காது, வால் இருக்காது. பெரும்பாலும் கையில் ஒரு பலகாரத் தட்டும் முகத்தில் கனிவும் இருக்கும். உங்களைக் கண்டதும் "சௌக்கியமா?" என்று கேட்கும். நீங்கள் சௌக்கியமா இல்லையா என்பது அதற்கு நேற்றே தெரியும்.

எப்படித் தெரியும் என்கிறீர்களா? எங்கள் விஸ்கான்சின் மாநிலத்தில் யார் குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டார், எந்தச் சாலையில், எந்த நீதிபதி முன் நின்றார், என்ன தீர்ப்பு என்பதெல்லாம் நீதிமன்ற இணையதளத்தில் பெயரைத் தட்டினால் வந்து விழும். நீதி மூடிய கதவுக்குள் நடக்கக்கூடாது என்று பெரியவர்கள் நினைத்தார்கள். நல்ல எண்ணம்தான். காற்று வரட்டும் என்று ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். வழக்குத்தேடி அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது.

பொதுவாகச் சொன்னால் உங்களுக்குப் பிடிபடாது. எங்கள் ஆர்லிஸைப் பாருங்கள்.

சீஸ் ஆலையின் பொதிகட்டும் பிரிவில் காலமெல்லாம் நின்றவள். அவள் கைபட்ட கட்டி ஒன்றுகூட எடை குறைந்து வெளியே போனதில்லை. படிப்பு பள்ளியோடு சரி, ஆனால் கவனம் என்றால் கவனம், அப்படியொரு கவனம். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கவனத்தை என்ன செய்வது? கட்டி கட்டியாக ஊராரை எடுத்து எடை போட ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் சோபாவை வண்டியிலிருந்து இறக்கி முடிப்பதற்குள், அவர்களுடைய தபால்பெட்டிப் பெயரைப் பார்த்து, தட்டி, படித்து, வருத்தப்பட்டு, அந்த வருத்தத்தோடு ஆப்பிள் பை என்ற பலகாரத்தையும் சுட்டு எடுத்துக்கொண்டு வாசலில் நிற்பாள். சர்ச் விருந்தில் உருளைக்கிழங்கு சாலட் இருந்தால், செய்தது யார் என்று கேட்டு, ஒரு கணம் கண்ணை மூடி, மனதுக்குள் ஒரு பெயரைத் தேடி, அதன் பிறகுதான் கரண்டியை எடுப்பாள். தளத்தில் கிடைக்காத பழைய வழக்கென்றால் நீதிமன்ற எழுத்தர் அலுவலகத்துக்கே போய்விடுவாள். அங்கே இருக்கும் ஜானெல் அவள் காரின் சத்தம் கேட்டதுமே மூக்குக்கண்ணாடியைத் தேடுவாள்.

இந்த இனத்துக்கென்று சில வசனங்கள் உண்டு. "நான் தேடல, கண்ணுல பட்டுச்சு." "நான் யார்கிட்டயும் சொல்லல, உங்கிட்டதான் சொல்றேன்." "மறைக்க என்ன இருக்கு, எல்லாம் பொதுப் பதிவுதானே!" கைது வேறு, குற்றம் நிரூபணமாவது வேறு என்பது ஆர்லிஸுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன? வழக்கு தள்ளுபடி ஆகிவிட்டது என்று யாராவது சொன்னால், "நெருப்பில்லாம புகையுமா?" என்பாள். நெருப்பை அணைத்துவிட்டதாக நீதிபதியே சொன்னாலும் புகையை விட மாட்டாள்.

தளம் வேலை செய்யாத நாளிலும் அவளுக்குக் கவலையில்லை. அறிகுறிகளை வைத்தே சொல்லிவிடுவாள்.

"இங்க பாரு ஜானெல், பொண்டாட்டி ஓட்ட, புருஷன் பக்கத்துல உக்காந்து ஜன்னல் வழியா வெளிய பாத்துக்கிட்டு வந்தா, அது ஆரம்பம். குளிர்ல சைக்கிள் மிதிச்சா, சந்தேகமே வேணாம். டவுனுக்கு டிராக்டர்ல வரான் பாரு, அவனுக்கு லைசென்ஸ் போச்சு. எழுதி வச்சுக்கோ."

"எழுதறதுக்கு என்னக்கா, அது ஊருக்கே தெரியுமே."

தெரியும்தான். கார் ஓட்ட உரிமம் பறிபோன ஆள், உரிமம் கேட்காத டிராக்டரில் ஏறி மதுக்கடைக்கும் கடைத்தெருவுக்கும் போவது இந்தப் பக்கத்தில் பாலர்பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த விஷயம்.

இவ்வளவு தெரிந்த ஆர்லிஸ் ஒரே ஒரு பெயரை மட்டும் தட்டியதே இல்லை. அது அவளுடைய தம்பி ரோலியின் பெயர்.

தாய் இறந்தபோது அவன் சிறு பையன். தலை வாரி, காலணி மாட்டி, பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்டவள் அக்காதான். இன்று ரோலிக்கு வழுக்கை விழுந்துவிட்டது, அக்காவின் கண்ணுக்கு மட்டும் வகிடு தெரியும். அவன் ஏரியில் பிடித்த மீன் அவள் சொல்லும்போது ஆண்டுக்கு ஒரு விரற்கடை வளரும். பந்துருட்டும் போட்டியில் அவன் வாங்கிய கோப்பை அவள் வீட்டு மேசையில்தான் இருக்கிறது.

ஒருமுறை ஜானெல் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "ஆர்லிஸ் அக்கா, எல்லார் பேரையும் போடறீங்க. உங்க வீட்டுப் பேரையும் ஒரு தடவை போட்டுப் பாக்கக்கூடாதா?"

"தங்கத்தைப் போய் யாராவது உரசிப் பாப்பாங்களாடீ?"

"தங்கத்தைத்தான் அக்கா உரசுவாங்க."

ஆர்லிஸ் சிரித்துவிட்டு அடுத்த பெயரைச் சொன்னாள்.

போன கோடை முழுவதும் ரோலி டவுனுக்கு டிராக்டரில்தான் வந்தான். ஐயோ, வாசகரே, இப்போதே சிரிக்காதீர்கள். ஊர் சிரிக்கவில்லை. காப்பிக்கடையில் ஆர்லிஸ் குரலை உயர்த்திச் சொல்வாள்: "எங்க ரோலிக்குப் புத்தி பாத்தீங்களா? காரை ஷெட்ல போட்டுட்டான். அந்த டிராக்டர் சீட்டுதான் அவன் இடுப்புக்கு நல்லதாம். காத்தும் வாங்கலாம், செலவும் மிச்சம்!" மேசையைச் சுற்றி இருந்த அத்தனை பேரும், சர்க்கரையே போடாதவர்கள் உட்பட, காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்கள்.

அப்படியே குளிர்காலம் கழிந்தது. ரோலி மறுபடி காரில் வர ஆரம்பித்தான். இடுப்பு தேறிவிட்டது என்று அக்கா எல்லாரிடமும் சொன்னாள். அந்தச் சமயத்தில்தான் ஊர்த் தீயணைப்புப் படைத் தலைவர் ஓர்வல், வயதாகிவிட்டது, வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். இது சம்பளமில்லாத வேலை. ஆனால் சைரன் ஊதினால் ஊரே அந்த ஆளின் முகத்தைத்தான் பார்க்கும். போட்டிக்கு இரண்டு பேர். ஒருவர் ரோலி. இன்னொருவர் தீவனக் கடை ஆல்வின். ஆர்லிஸ் மூச்சு விடுவதும் தம்பி தலைவராவதும் ஒன்றுதான் என்று ஆனது. உடனே என்ன செய்திருப்பாள் என்று உங்களுக்குத் தெரியும். ஆல்வினின் பெயரைத் தட்டினாள். சில வருடங்களுக்கு முன் மான் வேட்டை முடிந்து குடித்துவிட்டு வந்தவர் வண்டியைப் பள்ளத்தில் விட்டது வந்து விழுந்தது.

தேர்தலுக்கு முந்தின நாள் ரோலி அக்காவின் அடுக்களையில் உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, நாளைக்கு நீ எந்திரிச்சு எதுவும் பேசாத."

"ஏன்?"

"ஆல்வின் நல்லவன்க்கா."

"யாரு இல்லன்னா? நல்லவனாவும் இருக்கான், பள்ளத்துலயும் விட்டிருக்கான்."

"இல்லக்கா, நான் உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"ஒண்ணும் சொல்லாத. உனக்குக் கூச்சம், எனக்குத் தெரியாதா? சின்ன வயசுலயே அப்படித்தான், பந்தயத்துல ஜெயிச்சா ஓடி ஒளிஞ்சுக்குவ. இந்தா, உன் நீலச் சட்டையை இஸ்திரி போட்டுட்டேன்."

ரோலி சட்டையைப் பார்த்தான். ஒரு சுருக்கம்கூட இல்லை. தட்டிலிருந்த ஆப்பிள் பையைச் சாப்பிட்டு முடித்து, தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் தவக்காலத்து வெள்ளி, இறைச்சியை விலக்கி மீன் சாப்பிடும் நாள். தீயணைப்பு நிலையத்தில் வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு மேசை போட்டிருந்தார்கள். பொரித்த மீனும், கோஸ் சாலடும், ரை தானிய ரொட்டியும், சிலருக்குச் செர்ரிப்பழம் மிதக்கும் பிராந்தியும். சாப்பிட்டு முடிந்ததும் வாக்கெடுப்பு. சாப்பாடு முடியும்வரை ஆர்லிஸ் காத்திருக்கவில்லை.

"எனக்கு ஒண்ணு சொல்லணும்," என்று எழுந்தாள். "தீயணைப்பு வண்டிங்கறது நம்ம உசுரு. அதுக்குத் தலைவரா வரவங்க மேல குடிச்சிட்டு ஓட்டின வழக்கு இருக்கக்கூடாது. நான் யார் பேரையும் சொல்ல மாட்டேன், அது எனக்குப் பழக்கமில்ல. அப்படி இருக்கறவங்க தானா எந்திரிச்சு நிக்கட்டும்." சொல்லிவிட்டு, பேர் சொல்லாத குறையாக ஆல்வினைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

கூடத்தில் மீன் மெல்லும் சத்தம் நின்றது. ஆல்வின் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"பள்ளத்துல விட்டது நான்தான். ஆர்லிஸுக்குத் தெரியும். அவளுக்குத் தெரிஞ்சா அப்புறம் உங்களுக்கு நான் என்ன தனியா சொல்றது?"

சிரிப்பு எழுந்தது. அது அடங்குவதற்குள் இன்னொரு நாற்காலி தரையில் உரசியது. நீலச் சட்டை எழுந்து நின்றது.

"உக்காருடா ரோலி," என்றாள் ஆர்லிஸ். "உன்னை யாரு கேட்டா?"

"நீதான்க்கா கேட்ட. போன மே மாசம் புடிச்சாங்க."

"மே மாசம் உனக்கு இடுப்பு வலி. டிராக்டர்லதானே..."

அங்கே அவள் பேச்சு நின்றது. ஊருக்கே பாடம் சொன்னவள், சொன்ன பாடம் தனக்கே திரும்பி வருவதைக் கேட்டாள்.

"ஆமாக்கா," என்றான் ரோலி. "டிராக்டர்."

யாரும் சிரிக்கவில்லை. அவன் காது சிவந்து, சிறு பையனாக இருந்தபோது நின்றது போலவே கையைத் தொங்கவிட்டு நின்றான். அப்போது மூலையில் ஊன்றுகோல் தட்டும் சத்தம். எல்வைரா அம்மாள் எழுந்துகொண்டிருந்தார்.

"எனக்கும் ஒண்ணு இருக்கு," என்றார்.

ஆர்லிஸ் திரும்பிப் பார்த்தாள். எல்வைரா அம்மாளுக்கா? ஸ்டியரிங்கையே தொட்டதில்லையே! கணவர் இருந்தவரை கணவர் ஓட்டினார், அவர் போன பிறகு போதகர் ஏற்றிக்கொண்டு வருகிறார். அடுத்து அந்தப் போதகரே எழுந்தார். அவர்மேல் இருப்பது நிறுத்தக்கூடாத இடத்தில் வண்டியை நிறுத்திய ஒரே ஒரு அபராதம், அதையும் அன்றே கட்டிவிட்டார். ஜானெல் எழுந்தாள். அவள் சோடாவுக்கு மேல் எதுவும் குடிக்க மாட்டாள். பிறகு நாற்காலிகள் ஒன்றன்பின் ஒன்றாக, பிறகு வரிசை வரிசையாக உரசின. அந்நேரம் வெளியூரான் ஒருவன் உள்ளே எட்டிப் பார்த்திருந்தால், டெல்விக்கே குடிகாரர் ஊர் என்று எண்ணி ஓடியிருப்பான். நிற்பவர்களில் உண்மை சொல்பவர் யார், பொய் சொல்பவர் யார் என்று ஆள் ஆளாகத் தெரிந்தவள் அந்தக் கூடத்தில் ஆர்லிஸ் ஒருத்திதான். எல்லாரையும் தேடிப் பார்த்தவள் அல்லவா? யாருக்காக அந்தப் பொய் என்பதை மட்டும் எந்தத் தளத்திலும் போட்டிருக்கவில்லை. அதை அவள் தம்பியின் காதைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஓர்வல் தொண்டையைச் செருமினார்.

"விதி போட்டது ஆர்லிஸ். விதிப்படி பாத்தா தலைவராகத் தகுதியா உக்காந்திருக்கறது ஒரே ஆளு. ஆர்லிஸ், நாளையிலருந்து நீதான் தலைவர். ஏணியில ஏறுவியா? குழாயைத் தூக்குவியா?"

கூரை அதிரச் சிரித்தார்கள். ஆர்லிஸ் கைப்பையை இறுகப் பிடித்தபடி தம்பியைப் பார்த்தாள். பிறகு பையைத் தரையில் வைத்தாள். எழுந்து நின்றாள்.

"எனக்கும் ஒண்ணு இருக்கு."

"எந்த வருஷம்டீ?" என்று கேட்டார் எல்வைரா அம்மாள்.

"தேடிப் பாத்துக்கோங்க."

எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஆறிப்போன மீனைச் சாப்பிட்டார்கள். ஆல்வின் தலைவரானார், ரோலி துணைத் தலைவர். அன்று அக்காவைக் காரில் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டது தம்பிதான். வழியில் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம்: "மழை பேஞ்ச நாள்ல அந்த டிராக்டர்ல எப்படிடா வந்த?"

திங்கட்கிழமை அவள் எழுத்தர் அலுவலகத்துக்குப் போனாளா என்கிறீர்களா? போனாள். வழக்குத்தேடி என்ன மருந்தில் குணமாகும்? ஆனால் ஆப்பிள் பை ஜானெலுக்கு மட்டும்தான் கொண்டுபோனாள், அன்று எந்தப் பெயரையும் சொல்லாமல் வானிலை பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினாள். செவ்வாய்க்கிழமையைப் பற்றி நான் பொறுப்பல்ல.

சரி, உங்களிடம் வருவோம். இப்படிப்பட்டவர்கள் நம் தெருவிலும் இருக்கிறார்கள் என்று படிக்கும்போதே உங்களுக்கு ஒரு பெயர் தோன்றியதே, அதை நான் கேட்கவில்லை. நீங்கள் நல்லவர், யாரையும் தேடமாட்டீர்கள், கண்ணில் பட்டால்தான். ஆனால் எல்வைரா அம்மாளும் போதகரும் பொய் சொன்னார்கள் என்றால், எழுந்து நின்ற மற்றவர்களில் உண்மை சொன்னவர்கள் யார் யார் என்று பெயர் போட்டிருக்கிறதா என மேலே போய் ஒரு முறை பார்க்கத் தோன்றியதா, இல்லையா?

தோன்றியதென்றால், எழுந்து நில்லுங்கள்.