அவசரப் பிரிவின் சுட்டுவிரல்

"எல்லாரும் முதல்ல நின்னா, கடைசியில யாருப்பா நிப்பாங்க?" என்று என் மகள் ஒருநாள் கேட்டாள். பாவம், குழந்தைகளுக்கு நிர்வாகம் புரியாது. மனித நாகரிகத்தின் உச்சமான எங்கள் அலுவலகம் இதற்கு விடை கண்டுவிட்டது: கடைசி என்று ஒருவருமே இல்லை. எங்களிடம் எல்லாரும் முதல்தான்.

மூச்சுத்திணறும் நோயாளிகளுக்கு ஆக்சிஜன் மெஷினை வீட்டுக்கு இரவல் தருவது எங்கள் "சேவை". மனுக்கள் கணினியில் இருக்கின்றன. "அவசரம்" என்று குறித்தவற்றை நொடியில் எடுக்க ஓர் இன்டெக்ஸ் போட்டிருக்கிறோம். இன்டெக்ஸ் என்பது சுட்டுவிரல் மாதிரி. எல்லாவற்றையும் புரட்டாமல் "இதோ, இவர்" என்று காட்டும். அன்று காட்டவில்லை. பொத்தானை அழுத்தினால் திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண் நின்றாள்.

"தம்பிக்கு சிலிண்டர் சாயங்காலம் வரைக்கும்தான் சார் வரும். கொஞ்சம் பாருங்க."

"பார்த்துட்டேதாம்மா இருக்கோம்."

பொய்யில்லை. வட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தலைவர் உடனே "உயர்மட்ட விசாரணைக் கூட்டம்" கூட்டினார். முதலில் பிஸ்கட் வந்தது. பிறகு தரவுத்தளப் பொறியாளர் வந்தார். அவரை எல்லாரும் "டேட்டா அக்கா" என்போம்.

"என்னம்மா, இன்டெக்ஸ் தூங்குதா?" என்றார் தலைவர்.

"ஓடி ஓடிக் களைச்சுப்போச்சு சார். நூறு மனு இருந்தா தொண்ணூத்தொம்பது அவசரம். அது யாரைன்னு காட்டும்?"

"மீதி ஒண்ணு?"

"அதுல எழுத்துப்பிழை சார். 'அவரசம்'னு இருக்கு."

"அப்போ இன்டெக்ஸே வேஸ்டா?"

"மேலேருந்து வரிசையாப் படிச்சிருந்தாக்கூட இதைவிடச் சீக்கிரம் முடிஞ்சிருக்கும். இன்டெக்ஸ் வழியாத்தான் போகணும்னு நீங்கதானே உத்தரவு போட்டீங்க?"

"அப்படி என்னதான் அவசரம்? ஒண்ணு படிங்க பார்ப்போம்."

"வேணாம் சார்."

"படிங்கன்னேன்ல?"

"'அவசரம். தலைவரோட மாமனார் லேசா குறட்டை விடுறார்.' மெஷின் குடுத்தாச்சு சார். பெட்டியை இன்னும் பிரிக்கவே இல்லையாம்."

பிஸ்கட் கடிக்கும் சத்தம் நின்றது.

கணக்காளர்தான் நிலைமையைக் காப்பாற்றினார். "'மிக அவசரம்'னு புதுசா ஒரு பிரிவு திறந்துடலாமே!"

பலத்த கைதட்டல். அரை மணியில் எல்லா மனுக்களும் புதுப் பிரிவுக்குக் குடிபோயின. வட்டம் மறுபடி சுற்றியது. தலைவர் மட்டும் கைதட்டவில்லை. தலைவலி என்று எழுந்தவர், போகிற போக்கில் என் மேசையருகே நின்று, அந்தப் பெண் எழுதிக்கொடுத்திருந்த முகவரியைப் படித்துவிட்டுப் போனார்.

இருட்டுவதற்கு முன் அவள் வீட்டு வாசலில் ஒரு மெஷின் இருந்தது. பெட்டியின் முத்திரைகூட உடையவில்லை. கதவைத் தட்டியவரை யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் அவள் வந்தாள். "தம்பி நல்லாத் தூங்கினான் சார். யாருக்கு நன்றி சொல்றதுன்னு தெரியல."

"கடவுளுக்குச் சொல்லும்மா. அவர் கொண்டுவந்தவருக்குச் சேர்த்துடுவார்," என்றேன்.

அலுவலகம் அதிர்ந்து போயிருக்கிறது. ஒப்புதல் இல்லை, கூட்டம் இல்லை, பிஸ்கட் இல்லை. மெஷின் எப்படிப் போனது? இந்த "எதிர்பாராத வேகம்" பற்றி விசாரிக்கும் குழுவுக்குத் தலைவரே தலைமை. முதல் கூட்டம் முழுக்க அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐயத்துக்கு இடமின்றி இதுவரை நிரூபணமானது ஒன்றுதான்: அந்த உதவி எங்கள் அலுவலகத்தின் வழியாக வரவில்லை. அதனால்தான் நேரத்துக்கு வந்தது.