இறந்தகாலம் வராத வீடு

எங்கள் ஷேலா நகரத்துக்கு ஸ்பானிஷ் கற்க வரும் வெளிநாட்டாரின் நலனை முன்னிட்டு, மொழிப் பள்ளி இயக்குநர், பட்டதாரி என்ற மரியாதையில் லிசென்சியாடோ என்று அழைக்கப்படும் பௌதிலியோ, ஒரு சுற்றறிக்கை வெளியிட்டார். மாணவனுக்கு இடமும் சாப்பாடும் தரும் வீடுகள் எல்லாம் இனி "முழு மூழ்கல் இல்லங்கள்". மாணவன் பாடத்தில் எந்தக் காலம் வரைக்கும் வந்திருக்கிறானோ, அந்தக் காலத்தில் மட்டுமே அவன் காதுபடப் பேச வேண்டும். முதலில் நிகழ்காலம். அதில் தேறினால் இறந்தகாலம். பிறகு எதிர்காலம். கட்டளை வாக்கியம் கடைசியில். மீறும் வீட்டின் வாசலிலிருந்து பள்ளி மாட்டிய நீல அங்கீகாரப் பலகை பறிக்கப்படும்; பலகை போனால் மாணவனும் இல்லை, வாடகையும் இல்லை.

தோன்யா ஒடீலியாவுக்குப் படித்ததும் சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்துவிட்டுப் போகிற நிலைமையில் அவள் இல்லை. மகள் யெசேனியாவின் நர்ஸ் படிப்பே அந்தப் பலகையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்காக அந்தப் பெண் தன் அறையையே மாணவனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுத் தையல் மெஷின் பக்கத்தில் படுத்துக்கொண்டிருந்தாள்.

"நாம பேசற பாஷையை நமக்கே அளந்து ஊத்தறானா இவன்?" என்றார் கணவர் திரான்சிட்டோ.

"வாயை மூடுங்க. இனிமே உங்க பழங்கதை ஒண்ணும் இந்த வீட்டுல கிடையாது."

திரான்சிட்டோ முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். பழங்கதையை எடுத்துவிட்டால் மனுஷனிடம் மிச்சம் ஒன்றுமில்லை. அன்றிலிருந்து சாப்பாட்டு மேஜையில் ஊமையாக உட்கார்ந்து வாழைப்பழ வறுவலை மென்றார்.

மாணவன் வெண்டல், ஒஹாயோக்காரன், தங்கமான பையன். "நான் பீன்ஸை விரும்புகிறேன்" என்பான், தட்டு காலியானதும் மறுபடி விரும்புவான். உப்பு தீர்ந்துபோனால் ஒடீலியா "உப்பு தீர்கிறது" என்பாள். அவன் காலி ஜாடியை ஆசையாக எட்டிப் பார்ப்பான்.

அவன் வந்த மூன்றாம் நாள் விடிந்ததும், நாலு வீடு தள்ளியிருந்த செப்பே சித்தப்பா போய்ச் சேர்ந்துவிட்டார் என்று சேதி வந்தது. ஒடீலியா கறுப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு கிளம்பும் நேரம் பார்த்து, லிசென்சியாடோ சோதனைக்கு வந்து நின்றார். கையில் நோட்டு, கழுத்தில் டை.

"நீங்கள் ஏன் அழுகிறீர்கள், அம்மா?" என்றான் வெண்டல்.

ஒடீலியா நோட்டைப் பார்த்தாள். பேனா மூடி திறந்திருந்தது. பாழாய்ப் போகிறவன்!

"செப்பே சித்தப்பா..." என்றாள். "சாகிறார்."

"சாகிறாரா!" வெண்டல் துள்ளி எழுந்தான். "நாம் ஏன் காபி குடிக்கிறோம்?"

சொன்னதோடு நிற்கவில்லை. தீயணைப்பு நிலையத்துக்கு போன் போட்டுவிட்டான். நெருப்போ நெஞ்சுவலியோ, ஷேலாவில் அவர்கள்தானே ஓடிவர வேண்டும். சைரன் ஊதிக்கொண்டு செப்பே வீட்டுக்கு வந்தார்கள்; வெண்டலும் ஒடீலியாவும் நோட்டோடு லிசென்சியாடோவும் பின்னாலேயே ஓடினார்கள். ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போன வீரர்கள், சவப்பெட்டியைச் சுற்றி நாலு மெழுகுவர்த்தி எரிவதைக் கண்டு திகைத்து நின்றார்கள்.

"யாரய்யா போன் பண்ணது?" என்று கத்தினான் தலைமை வீரன். "ஆளு செத்துப் போயாச்சே!"

லிசென்சியாடோவின் பேனா ஓடியது. "இறந்தகாலம். மாணவர் முன்னிலையில்."

"அதை நான் சொல்லலையே, ஐயா!" என்றாள் ஒடீலியா.

"உங்கள் சொந்தக்காரர் சாவு, அம்மா. வினைச்சொல்லுக்கும் நீங்கள்தான் பொறுப்பு. பலகையை எடுத்து..." என்றவர், பக்கத்தில் வெண்டல் நிற்பதைப் பார்த்துத் திருத்திக்கொண்டார். "எடுக்கிறேன்."

 எரிச்சலில்தான் ஒடீலியாவுக்கு மூளை வேலை செய்தது. "தாராளமாக எடுக்கிறீர்கள்," என்றாள், இலக்கணம் பிசகாமல். "எழுத்திலும் தருகிறீர்களா?"

தந்தார். "தங்கள் இல்லத்தின் பலகை இதன்மூலம் பறிக்கப்பட்டு வருகிறது." எங்கள் நகராட்சியில் பதினோரு வருஷமாகச் சாக்கடை "கட்டப்பட்டு வருகிறது". அந்த அனுபவத்தில் ஒடீலியா கடிதத்தைச் சட்டம் போட்டுப் பலகைக்குக் கீழேயே மாட்டினாள். பறிப்பு முடிந்தது என்று மாணவன் கண்ணில் படும்படி எழுத வேண்டுமானால் அவன் முதலில் இறந்தகாலத்துக்கு வர வேண்டும். அதுவரை பலகையும் இருக்கும், யெசேனியாவும் படிப்பாள்.

வெள்ளிக்கிழமை வெண்டலுக்குத் தேர்வு. கேள்வி சுலபம்: "உன் வீட்டில் என்ன நடக்கிறது?"

"செப்பே சித்தப்பா சாகிறார்."

"தவறு," என்று சுழி போட்டார் ஆசிரியர். செப்பேயைத்தான் புதைத்தாயிற்றே. சரியான விடைக்கு இறந்தகாலம் தெரிய வேண்டும். இறந்தகாலமோ தேறியவர்களுக்கு மட்டும். அடுத்த வெள்ளியும் அதே கேள்வி, அதே சாவு, அதே சுழி.

இப்படியே மூன்று வருஷம் ஓடிவிட்டது. யெசேனியா படிப்பை முடித்து வேலைக்கும் போய்விட்டாள். இன்னமும் தையல் மெஷின் பக்கத்தில்தான் படுக்கை.

"அம்மா, அவனை எப்பதான் அனுப்பப் போற?"

அனுப்புவதாவது! தினமும் காலையில் வெண்டல் பெட்டியோடு வாசலில் நிற்பான். "நான் கிளம்புகிறேன், அம்மா." கண்கூடத் தளும்பும். பிறகு பீன்ஸ் வாசனை வரும், உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவான். "போய்த் தொலை" என்று சொல்ல ஒடீலியாவின் நாக்கு துடிக்கும். கட்டளை வாக்கியம் கடைசிப் பாடம், சொன்னாலும் அவனுக்கு விளங்காது.

பொறுக்க முடியாமல் ஒருநாள் லிசென்சியாடோவின் அலுவலகத்துக்கே போனாள். மாணவன் பக்கத்தில் இல்லாததால் வாய்விட்டுக் கேட்டாள்.

"ஐயா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அந்தப் பலகையைக் கழட்டிட்டு ஆளைக் கூட்டிக்கிட்டுப் போயிடுங்க."

லிசென்சியாடோ பழைய ஃபைலை எடுத்து, தூசு தட்டி, கடிதத்தின் நகலை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"என்னம்மா இப்படிக் கேட்கிறீர்கள்? எடுத்துக்கொண்டுதானே இருக்கிறோம்."