வாடிக்கையாளருக்கு ஒரு நாற்காலி

நான்கு வருடம் இன்ஜினியரிங் படித்தால் ஒரு பொருளைச் செய்யத் தெரிந்துவிடும். செய்யத் தெரிந்தவனைச் செய்யவிட்டால் வேலை சீக்கிரம் முடிந்துவிடுகிற அபாயம் இருக்கிறது. ஆகவே பெரிய கம்பெனிகள் நன்றாகப் படித்த பிள்ளைகளாகப் பார்த்துப் பொறுக்கியெடுத்து, இனி நீ எதையும் தொடக் கூடாது, ஏன் என்று மட்டும் கேட்டுக்கொண்டிரு என்று ஒரு பதவி கொடுக்கின்றன. அதற்கு புராடக்ட் மேனேஜர் என்று பெயர்.

எங்கள் தெருத் தையல்காரம்மாவின் அக்கா மகனுக்கு அந்தப் பதவி கிடைத்தது. சித்தி வீட்டில் தங்கித்தான் படித்தான். கீழே கடை, மேலே வீடு. துணி வெட்டுகிற மேசையில் பாதி துணிக்கு, பாதி அவன் புத்தகத்துக்கு. தையல் மெஷின் மோட்டார் கோளாறானால் சாப்பாட்டுக்கு முன்னால் கழற்றி, சாப்பிட்டு முடிப்பதற்குள் மாட்டிவிடுவான். பதினோரு வருடமாக என் பேன்ட்டுகளுக்கு அங்கேதான் கால் மடிக்கக் கொடுக்கிறேன். அதனால் எல்லாம் எனக்குத் தெரியும். தெரியாததை அளவெடுக்கும்போது அந்தம்மாவே சொல்லிவிடுவார்.

இன்டர்வியூவில் அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்களாம்.

"ஒரு ஆத்துக்குக் குறுக்க பாலம் கட்டணும். முதல்ல என்ன செய்வீங்க?"

"மண்ணைச் சோதிப்பேன் சார்."

"தப்பு. பாலம் யாருக்கு வேணும்னு கேட்கணும்."

"அந்தப் பக்கம் போகவேண்டியவங்களுக்கு சார்."

"அவங்களுக்கு உண்மையிலேயே பாலம் வேணுமா? இல்ல, அந்தப் பக்கம் போன மாதிரி இருந்தாலே போதுமா?"

பையனுக்கு வாயடைத்துப் போயிற்று. அந்த மௌனத்தில் ஆழ்ந்த சிந்தனை தெரிவதாகக் குறித்துக்கொண்டு வேலை கொடுத்துவிட்டார்கள். ஆறு மாதம் புரொபேஷன். அதற்குப் பிறகுதான் நிரந்தரம்.

"மேனேஜர்னா உனக்குக் கீழ எத்தனை பேருடா?" என்று சித்தி கேட்டார்.

"யாரும் இல்ல சித்தி."

"அப்ப எதுக்கு மேனேஜர்?"

"ஒரு வரிக்கு."

எல்லார் போனிலும் இருக்கிற வரைபடத்தைச் செய்வது அந்தக் கம்பெனிதான். தெருக்களுக்கு ஒரு மேனேஜர், தெரு திரும்புகிற இடங்களுக்கு இன்னொருவர் என்று வேலையைப் பகிர்ந்து கொடுத்திருந்தார்கள். சில கடைகளின் பெயருக்குக் கீழே சிவப்பு எழுத்தில் 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று வரும் அல்லவா, அந்த வரி முழுக்க முழுக்க நம் பையனின் பொறுப்பு. அதை எழுதுகிறவர்கள் வேறு, அழிக்கிறவர்கள் வேறு. சித்தி இதைத் தெரு முழுக்கச் சொல்லிப் பூரித்துப் போனார்.

அந்தப் பூரிப்பு இரண்டு மாதம்கூட நீடிக்கவில்லை. சித்திக்குக் காய்ச்சல் வந்து நான்கு நாள் கடையைத் திறக்கவில்லை. யாரோ ஒரு புண்ணியவான் கதவைப் பார்த்துவிட்டுப் போனில் எதையோ அழுத்திவிட்டுப் போய்விட்டான். சித்தி எழுந்து உட்கார்ந்தபோது கடைக்குக் கீழே சிவப்பு வரி விழுந்திருந்தது.

முதலில் புது ஆட்கள் வருவது நின்றது. பிறகு பழைய ஆட்களும் குறைந்தார்கள். மழைக்காலம் முடிவதற்குள் நிலைமை மாறாவிட்டால் மெஷின்களை விற்றுவிட்டுக் கடையைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று என்னிடமே சொன்னார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"உன் வரிதானேடா? எடுத்து விடேன்" என்றார் பையனிடம்.

"எடுக்கலாம் சித்தி. பத்து வாடிக்கையாளருங்க நேர்ல வந்து பார்த்துட்டு, திறந்திருக்குன்னு சொல்லணும்."

"மூடியிருக்குன்னு போட்டா எவன் நேர்ல வருவான்?"

"அது தெரியல. ஆனா இந்த விதி மேல இதுவரைக்கும் ஒரு புகார்கூட வந்ததில்ல."

"மோட்டாரையே கழட்டுறவன் நீ. ஒரு வரியை அழிக்கத் தெரியாதா?"

"தெரியும் சித்தி. ரெண்டு நிமிஷ வேலை. நான் தொட்டா என் வேலை போயிடும்."

ஆகவே அவன் தொடாமல் எழுதினான். 'கடைகள் ஏன் திறந்திருக்க வேண்டும்? ஒரு தொலைநோக்கு' என்று பதினான்கு பக்கம். அதைப் பாராட்டி, மேற்படி பொருள் குறித்து விவாதிக்க ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குக் கூட்டம் போட்டார்கள். வாடிக்கையாளரின் குரலை நேரில் கேட்டால் இவர்களுக்கு உறைக்கும் என்று நினைத்து, பையன் சித்தியையும் அழைத்துக்கொண்டு போனான். அவன் புரொபேஷன் முடிய மூன்று நாள் இருந்தது.

இப்போது எந்தப் பெரிய அலுவலகத்திலும் உட்கார்ந்து பேசுவது நாகரிகமில்லையாம். உட்கார்ந்தால் பேச்சு நீளுமென்று எல்லாரும் நின்றுகொண்டே ஒன்றரை மணி நேரம் பேசுகிறார்கள். அந்த அறையில் ஒரே ஒரு நாற்காலி இருந்தது. வாடிக்கையாளரை யாரும் மறந்துவிடக் கூடாது என்பதற்காக, அவருக்கென்று ஒரு நாற்காலியை எப்போதும் காலியாக வைத்திருப்பது அந்தக் கம்பெனியின் புகழ்பெற்ற வழக்கம். நீல உறை போட்டு, நடு அறையில் வைத்திருந்தார்கள்.

இருபது வருடம் மெஷின் மிதித்த முழங்கால். சித்தி நேரே போய் அதில் உட்கார்ந்துவிட்டார்.

தலைவர் என்று எல்லாரும் அழைக்கிற ஒரு விளையாட்டு ஷூக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"அம்மா, அதுல உட்காரக் கூடாதுங்க."

"ஏங்க, கால் ஆடுதா?"

"அது வாடிக்கையாளரோட இடம்."

"நான் அதாங்க. என் கடைதான் உங்க படத்துல இருக்கு."

"இல்லம்மா, நீங்க ஒரு ஆள். வாடிக்கையாளர்ங்கிறது ஒரு உணர்வு."

"அவங்க எப்ப வருவாங்க?"

"வர மாட்டாங்க."

"அப்ப நான் உட்கார்ந்துக்கறேன்."

தலைவர் பையன் பக்கம் திரும்பினார். "யார் இவங்க?"

என் சித்தி என்று சொன்னால் சொந்தக்காரர் கடைக்காக விதியை வளைக்கப் பார்க்கிறான் என்று வரும். மூன்று நாள்தான் பாக்கி. சித்தியின் மேசையில் பாதியைப் பிடித்துக்கொண்டு படித்த பையன் சொன்னான்:

"ஒரு பயனர், சார்."

இதைக் கேட்டபோது எனக்கு அவனை நாலு அறை அறையலாம் போலிருந்தது. சித்தி எழுந்து நின்றார்.

மூலையில் லேப்டாப்போடு நின்றிருந்த கணக்குப்புலி அப்போது தொண்டையைச் செருமினார். எண்களைப் பார்த்துச் சொல்வது அவர் உத்தியோகம்.

"ஒரு சின்ன விஷயம். உங்க கடை நேரம் என்னம்மா?"

"காலையில பத்துல இருந்து."

"இப்ப மணி பதினொண்ணேகால். நீங்க இங்க இருக்கீங்க. கடையில யாரு?"

"யாரும் இல்ல. பூட்டிட்டுத்தான் வந்தேன்."

"பார்த்தீங்களா!" என்றார் கணக்குப்புலி.

எல்லாரும் பார்த்தார்கள். கடை மூடியிருக்கிறது என்பதைக் கடைக்காரரே நேரில் வந்து ஒப்புக்கொண்ட சம்பவம் அந்தக் கம்பெனியின் வரலாற்றில் அதுதான் முதல் தடவை. மேற்படி வாக்குமூலத்தின் அடிப்படையில், சிவப்பு வரிக்குப் பக்கத்தில் 'உரிமையாளரால் உறுதி செய்யப்பட்டது' என்று ஒரு பச்சை டிக் சேர்ப்பதென்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. துல்லியம் நூறு சதவீதம். பையனை அன்றைக்கே நிரந்தரமாக்கிக் கைதட்டினார்கள்.

இந்தக் கைதட்டலுக்கு நடுவில் சித்தி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். நீல உறையில் ஒரு பக்கம் தையல் விட்டிருந்தது. பையிலிருந்து ஊசி நூல் எடுத்து, குனிந்து, பத்துத் தையல் போட்டு, நூலைப் பல்லால் கடித்துவிட்டு வெளியே வந்தார். தலைவர் அதைப் படம்பிடித்து மாட்டி வைத்திருக்கிறாராம்.

அன்று சாயங்காலம் பையன் வீட்டு வாசலில் தயங்கி நின்றான். சித்தி தட்டு எடுத்து வைத்தார்.

"உட்காருடா. நம்ம வீட்டுல நாற்காலியைக் காலியா வைக்கிற வழக்கம் இல்ல."

பையன் அழுதுவிட்டான். மறுநாள் லீவு போட்டுவிட்டு, பழைய பெட்டியிலிருந்து கம்பியும் பல்புகளும் எடுத்து, அரை நாளில் ஒரு போர்டு செய்தான். 'கடை திறந்திருக்கிறது' என்று தெருக்கோடி வரைக்கும் தெரிகிற மாதிரி பளிச்சென்று எரிந்தது. காலேஜை விட்ட பிறகு அவன் கையால் செய்த முதல் பொருள் அது. அதை மாட்டும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டது நான்தான்.

இந்தக் கதை முழுவதையும் சித்தி வாயாலேயே கேட்டவன் நான். கேட்டு வயிறெரிந்தவன். போன வாரம் இரண்டு பேன்ட்டுகளை எடுத்துக்கொண்டு கால் மடிக்கக் கொடுக்கப் போனேன். மழைக்காலம் முடிய இன்னும் பத்து நாள்தான் இருந்தது. போர்டு எரிந்துகொண்டிருந்தது. கதவு திறந்திருந்தது. மெஷின் முன்னால் சித்தி சும்மா உட்கார்ந்திருந்தார்.

எதற்கும் இருக்கட்டும் என்று போனை எடுத்துப் பார்த்தேன். நிரந்தரமாக மூடப்பட்டது. பக்கத்தில் பச்சை டிக் வேறு.

அவ்வளவு பெரிய கம்பெனிக்காரன் விசாரிக்காமலா போடுவான் என்று ஒரு யோசனை வந்தது. எதற்கு வம்பு, நாளைக்கு வரலாம் என்று திரும்பினேன்.

"சார்!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. அதற்குள் போன் டிங் என்றது. 'இந்தத் தகவல் உங்களுக்குப் பயனுள்ளதாக இருந்ததா?' என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள்.

ஆம் என்று அழுத்திவிட்டு வீட்டுக்கு வந்தேன்.