வீட்டில் வைத்துப் பார்த்த வைரம்

"பொடிக் கல்லுக்கெல்லாம் ரீசேல் கிடையாதுண்ணே. தங்கத்தை மட்டும் எடை போட்டு எடுத்துக்கிறோம்," என்றார் கடைக்காரர்.

"நீங்க விக்கும்போது வைரம், நான் விக்கும்போது பொடிக் கல்லா?"

நாகசுப்பிரமணியன் தோட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வெளியேறினார். அடுத்த கடையிலும் அதே பதில். மதுரை நகைக்கடைக்காரர்கள் அத்தனை பேரும் தன்னை ஏமாற்றவே கூடிப் பேசி வைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினார். காய்கறிக்காரியின் தராசுத் தட்டையே மாற்றிப் போட்டு நிறுக்கச் சொல்லும் மனிதர் அவர்.

தோடு மனைவி ஹம்சவேணியுடையது. அவருக்கு மில் வேலை போனதிலிருந்து அவளுடைய தையல் மெஷின்தான் வீட்டை ஓட்டியது. இப்போது சிம்மக்கல்லில் எஸ்.டி.டி. பூத் வைக்க ஓர் இடம் தகைந்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்டாவிட்டால் இடம் கைவிட்டுப் போய்விடும். அதற்காகத்தான் தோட்டைக் கழற்றிக் கொடுத்திருந்தாள்.

வாங்க ஆள் பிடித்ததும் அவள்தான். திருப்பரங்குன்றத்தில் சுந்தரவல்லி என்ற அம்மாள், மகள் கல்யாணத்துக்கு ஏழுகல் தோடு தேடிக்கொண்டிருந்தார். தோடு பிடித்தது, விலையும் பிடித்தது.

"ஆனா வைரமாச்சே! ஒரு வாரம் பூஜை ரூம்ல வச்சுப் பாக்குறோம். வீட்டுக்கு ஒத்துக்கிட்டா வியாழக்கிழமை வந்து பணம் வாங்கிக்கங்க. ஆகாதது ஏதாச்சும் வந்துச்சுன்னா தோட்டைத் திருப்பித் தந்துருவோம்."

"நாங்களும் வாங்குறப்ப வச்சுப் பாத்துத்தான் வாங்கினோம்," என்று ஹம்சவேணி தோட்டைக் கொடுத்துவிட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் ஏறியதும் நாகசுப்பிரமணியனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"ஒரு வாரம் எதுக்கு? ஒரு கல்லைப் பேத்துட்டு அமெரிக்கன் டைமண்டைப் பதிச்சா நமக்கு என்ன தெரியும்?"

"அவுக தங்கமானவுகங்க."

"தங்கத்தை விடு. நான் கல்லைப் பத்திப் பேசுறேன்!"

மறுநாள் காலையிலேயே நாகசுப்பிரமணியன் சுந்தரவல்லியின் வீட்டு வாசலில் நின்றார். "குடையை விட்டுட்டுப் போயிட்டேன்."

"நீங்க குடையே கொண்டாரலயேண்ணே," என்றாள் வேலைக்காரி முனியாயி.

"அப்படியா? சரி, வந்ததுக்குத் தோட்டை ஒருக்கா பாத்துக்கிறேன்."

சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து ஒவ்வொரு கல்லாக எண்ணிவிட்டு, காபியும் குடித்துவிட்டுப் போனார். அடுத்த நாள் முருகனைக் கும்பிட வந்ததாகச் சொன்னார். அதற்கடுத்த நாளும் முருகன்தான்.

அதன் பிறகு வாசல் கேட்டை உள்ளே பூட்டியே வைத்தார்கள். கேட்டைப் பூட்டினால் என்ன அர்த்தம்? உள்ளே ஆசாரி உட்கார்ந்து கல்லைப் பேர்த்துக்கொண்டிருக்கிறான் என்றுதானே அர்த்தம்! நாகசுப்பிரமணியன் சுற்றுச்சுவரில் தொற்றி ஏறி, பூஜை அறை ஜன்னலை எட்டிப் பார்த்தார்.

"திருடன்! திருடன்!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்த சுந்தரவல்லியின் கணவர், படியில் வழுக்கிக் காலைச் சுளுக்கிக்கொண்டார்.

நாகசுப்பிரமணியனுக்குக் கவலை வேறாக இருந்தது. இந்தச் சுளுக்கை வைரத்தின் தலையில் கட்டிவிட்டால்? சுவரிலிருந்து குதித்து, அவரை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு வைத்தியரிடம் ஓடினார். கட்டுப் போட்டுக் கூட்டி வந்ததோடு விடவில்லை. தினமும் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து கட்டிலருகே உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் பூஜை அறை நன்றாகத் தெரிந்தது.

"படி வழுக்குனதுக்கு வைரம் என்னம்மா செய்யும்?" என்று உள்ளே வருபவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்.

வியாழக்கிழமை. சுந்தரவல்லி டப்பாவை நீட்டினார். "மன்னிச்சுக்கங்க. மனசு ஒப்பலை."

அந்த நேரத்திலும் நாகசுப்பிரமணியன் கல்லை எண்ணினார். எல்லாம் சரியாக இருந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பூத் போயிற்று. ஹம்சவேணி முகத்தில் எப்படி விழிப்பது?

கேட் வரை வந்த முனியாயியிடம் அழாத குறையாகப் புலம்பினார். "ஒரு சுளுக்குக்காகப் போயி வைரத்தை வேணாம்னுட்டாகளே, இது நியாயமா?"

"சுளுக்கை யாருண்ணே கணக்குல எடுத்தா? தப்பா நெனைக்காதீக. அந்தக் கல்லு வந்ததுலருந்து இந்த வீட்டுக்குப் புதுசா வந்த பீடை நீங்க ஒருத்தர்தேன்!"