நிச்சயதார்த்தத்தில் ஒரு பீங்கான் கோழி

நாலு பேர் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. அவர்கள் கேட்டுக்கொண்டால் தும்மல்கூட வராது என்பதை என் நிச்சயதார்த்தத்தில்தான் கண்டுபிடித்தேன்.

சிவகாசியில் காலண்டர் அச்சகத்தில் வேலை பார்த்துக்கொண்டே, பழைய பீங்கான் உப்பு, மிளகுக் குப்பிகளைச் சேர்த்து வந்தேன். சாப்பாட்டு மேசையில் வைத்துத் தூவுகிற பொம்மைகள். தலையில் ஓட்டை, அடியில் ரப்பர் மூடி, எப்போதும் ஜோடி. (“உப்புப் பொம்மைக்கெல்லாம் ஜோடி சேத்துட்டே, ஒனக்குத்தாம்லே ஒண்ணும் அமைய மாட்டேங்குது” என்பார் அம்மா.)

ஒருவழியாக விருதுநகரில் பெண் அமைந்தது. பெண்ணின் அப்பாவுக்கு மிளகாய் வத்தல் வியாபாரம். நிச்சயத்துக்குப் போகிற வழியில் டீ குடிக்க இறங்கினால், பக்கத்தில் பழைய சாமான் கடை. என்னிடம் ஒற்றையாய் மிஞ்சி நின்ற உப்புச் சேவலுக்குப் பல வருடமாகத் தேடிய பெட்டைக்கோழி அங்கே உட்கார்ந்திருந்தது! வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். உள்ளே எந்தக் காலத்து மிளகுப்பொடியோ மிச்சமிருந்தது. நான் எங்கே கவனித்தேன்?

தட்டு மாற்றும் நேரம். இரண்டு அப்பாக்களின் கையும் தட்டில். நான் பணிவாகக் குனிந்தேன். பையிலிருந்து ஏதோ மூக்கில் ஏறியது. ஒரே ஒரு தும்மல்.

தட்டு அந்தரத்தில் நின்றது. ஒற்றைத் தும்மல் ஆகாது. கூடவே இன்னொன்று வந்துவிட்டால் தோஷமில்லை.

“மாப்ளே, இன்னொண்ணு தும்மிருங்க” என்றார் பெண்ணின் தாய்மாமா.

கூடமே என் மூக்கைப் பார்த்தது. வந்துகொண்டிருந்த தும்மலும் வெட்கப்பட்டுத் திரும்பிப் போய்விட்டது.

“நேரம் முடியப்போவுது. பேசாம இன்னொரு நாள் வச்சுக்கிடுவமா?” என்று தாய்மாமா தட்டைப் பிடித்து இழுத்தார். (இன்னொரு நாள் என்றால் இன்னொரு மாப்பிள்ளை என்று அர்த்தம்.)

பதறிப்போய்க் கோழியை வெளியே எடுத்து, மூக்கருகே பிடித்து ஓர் உதறு உதறினேன். இற்றுப்போன மூடி கழன்று விழுந்தது. மேலே ஃபேன் முழு வேகத்தில்.

அதன்பிறகு கூடத்தில் சரவெடிதான். என் அப்பா, தாய்மாமா, புரோகிதர் என்று ஒருவர் பாக்கியில்லை. வத்தல் மூட்டைகளுக்கு நடுவிலேயே வளர்ந்த மாமனார் மட்டும் தட்டும் கையுமாக அசையாமல் நின்று, “என்ன மொளகு இது? காரமே இல்லையே” என்றார்.

உள்ளேயிருந்து பெண் சிரித்துக்கொண்டும் தும்மிக்கொண்டும் வந்தாள்.

“இம்புட்டுத் தும்மல்ல ஒத்த எது, ரெட்ட எதுன்னு யாருப்பா எண்ணுறது? தட்ட மாத்துங்க!”

மாற்றினார்கள்.

இன்றும் சொந்தத்தில் எந்த நிச்சயம் என்றாலும், “மாப்ளே, நீங்க பந்தியப் பாத்துக்கிடுங்க” என்று என்னைக் கூடத்தைவிட்டு நைசாக வெளியேற்றிவிடுவார்கள். பந்தியிலும் எனக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலைதான். இலையில் உப்பு வைக்க என் மனைவி இன்றுவரை விட்டதில்லை.