புள்ளியப்பன் கிளினிக்கில் நடந்த ஆய்வு

ஒரு காட்டில் ஒரு சிறுத்தை டாக்டருக்குப் படித்துவிட்டு வந்து, பாறை இடுக்கில் கிளினிக் திறந்தது. பெயர் புள்ளியப்பன். கெட்டிக்காரர், பொறுமைசாலி. ஆனாலும் நாடி பார்க்கச் சொல்லி அவரிடம் கை நீட்ட ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை.

அப்புறம் மலை உச்சியில் டவர் வந்தது. ஆளுக்கொரு செல்போன் வந்தது. முள்ளம்பன்றியின் பல்வலியும் காட்டெருமையின் மூட்டுவலியும் வீடியோவிலேயே தீர்ந்தன. புள்ளியப்பனுக்கு மூச்சு விட நேரமில்லை.

அந்தக் காட்டில் பூவாத்தா என்றொரு கேளையாடு இருந்தாள். மான் சாதியில் சின்ன உருவம். அவளுக்கு நாள்பட்ட இருமல். அவளும் டாக்டரை ஃபோனில் கூப்பிட்டாள்.

"நாக்கை நீட்டு, பூவாத்தா."

நீட்டினாள். திரையில் டாக்டரும் நாக்கை நீட்டினார்.

"நீங்க ஏனுங்க டாக்டர் நீட்டறீங்க?"

"பழக்கதோஷம். கண்டுக்காதே. ஆடுதொடா இலையைத் தினமும் மென்னு முழுங்கு."

"பேர்லயே ஆடு தொடாதுன்னு இருக்குதுங்களே!"

"நீ மான்தானே, தின்னு."

தின்றாள். இருமல் மெல்லக் குறைந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் வெளியூரிலிருந்து ஆராய்ச்சிக்காக ஓர் இருவாச்சிப் பறவை வந்து அத்திமரத்தில் இறங்கியது.

"ஃபோன் வைத்தியம் நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறீர்கள். சான்று எங்கே?" என்றாள் இருவாச்சி மேடம். யாரிடமும் சான்று இல்லை. எல்லோருக்கும் வெட்கமாகப் போய்விட்டது.

சான்று தேடச் சீட்டுக் குலுக்கினார்கள். பாதிப் பேருக்கு ஃபோனில் வைத்தியம், மீதிப் பேருக்கு நேரில். பூவாத்தாவுக்கு ஃபோன் விழுந்தது. பக்கத்துப் புதர் காட்டுப்பன்றி ரங்கண்ணனுக்கு நேர் விழுந்தது.

"என்னைய நேர்லயே பாக்கறாங்களாமா!" என்று ரங்கண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. குளித்து, திருநீறு பூசிக்கொண்டு கிளம்பினான். திரும்பி வரவில்லை. அவனுக்குப் பின்னால் போன யாருமே வரவில்லை.

பூவாத்தா விசாரிக்கக் கிளம்பினாள். நேரே அத்திமரத்தடிக்குப் போனாள். அங்கே அவளுக்கு முன்பே புள்ளியப்பன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். பூவாத்தா மரத்துக்கு அந்தப் பக்கம் ஒதுங்கிக்கொண்டாள்.

"மேடம், இதை நிறுத்திடுங்க," என்றார் டாக்டர். "ஃபோன்ல நான் நல்ல டாக்டர். நேர்ல வந்தா என்னால முடியல. அத்தனை பேரையும் தின்னுட்டேன்."

இருவாச்சி தன் பெரிய அலகை ஆட்டினாள். "அது உங்கள் சொந்த அபிப்பிராயம், டாக்டர். ஆய்வில் அபிப்பிராயத்துக்கு இடமில்லை."

"அபிப்பிராயம் இல்லைங்க, ஏப்பம்!"

"ஏனுங்க அம்மணி, அவரே ஒத்துக்கறாரே!" என்று பூவாத்தா மரத்துக்குப் பின்னாலிருந்து கத்தினாள். "ரங்கண்ணன் எங்கீங்க?"

"ரங்கண்ணன் கேள்வித்தாளுக்குப் பதில் தரவில்லை. பதில் தராதவரைப் பற்றி நாமாக எதுவும் சொல்லக் கூடாது. அது அறிவியல் அல்ல."

சீக்கிரமே முடிவு வெளியானது. ஃபோனில் பார்த்தவர்களிடம் ஏகப்பட்ட புகார்: லைன் வெட்டுகிறது, மருந்து கசக்கிறது, டாக்டர் நாக்கை நீட்டுகிறார். போதாக்குறைக்கு மறுபடி மறுபடி கூப்பிடுகிறார்கள். நேரில் போனவர்களிடம் ஒரே ஒரு புகார்கூட இல்லை. ஒருவருக்கும் நோய் திரும்பவில்லை. எல்லோருக்கும் ஒரே தடவையோடு சரியாகிவிட்டது.

காட்டுத் தலைவர் யானை கண்ணீர் மல்க எழுந்து நின்று, "இவ்வளவு நல்ல வைத்தியம் பாதிப் பேருக்கு மட்டும் கிடைத்தது அநியாயம்!" என்றார். அன்றே எல்லோருடைய செல்போனையும் வாங்கிக்கொண்டார்கள்.

பூவாத்தா யோசித்தாள். ஓடைக்கு இந்தக் கரையில் நின்று, "டாக்டருங்க!" என்று கூவினாள். அந்தக் கரைப் பாறை இடுக்கிலிருந்து புள்ளியப்பன் வெளியே வந்தார். அவளைக் கண்டதும் ஒரு வேங்கை மரத்தை இறுகக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"கிட்ட வராதே தாயி! அங்கிருந்தே சொல்லு!"

இப்படியே கூவிக் கூவி வைத்தியம் நடந்தது. இருமல் அடியோடு நின்றது. சேதி கேட்டு இருவாச்சி பறந்து வந்தாள்.

"குணமாகிவிட்டதா? நீயே சொன்னால் போதாது. எங்கே, இருமிக் காட்டு."

பெரிய இடத்து மேடம் கேட்கிறாளே என்று பூவாத்தா மரியாதைக்கு ஒரு தடவை இருமினாள்.

"இருமல் நீடிக்கிறது," என்று இருவாச்சி எழுதிக்கொண்டாள். "நேர் வைத்தியத்துக்கு மாற்றுக."

"ஓடு பூவாத்தா, ஓடு!" என்று அந்தக் கரையிலிருந்து டாக்டர் அலறினார். மரத்தின் மீதிருந்த அவர் பிடி நழுவிக்கொண்டிருந்தது.

பூவாத்தா எடுத்த ஓட்டத்தில் அந்தக் காட்டையே தாண்டிவிட்டாள். இருவாச்சி எட்டிப் பார்த்து, கடைசியாக ஒரு வரி சேர்த்தாள்: 'நேர் வைத்தியம் என்று சொன்ன மாத்திரத்திலேயே நோயாளியின் நடையில் நல்ல முன்னேற்றம்.'

நீதி: நெடுநாள் வாழ ஆசையிருந்தால் நோயாளியாகவும் இராதே, டாக்டராகவும் இராதே, ஆராய்ச்சியாளராக இரு. சீட்டுக் குலுக்கும்போது உன் பெயரை மட்டும் போட மாட்டார்கள்.