நான் கழற்ற வைத்த மோட்டார்

கூச்ச சுபாவக்காரர்களால் அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவே இருக்காது என்று வீட்டுக்காரர்கள் எல்லோரும் நம்புகிறார்கள். ஒத்தக்கடையில் நான் குடியிருக்கும் மாடி வீடு அந்த நம்பிக்கையில்தான் எனக்குக் கிடைத்தது. "அந்தம்மா இருக்காங்களா இல்லையான்னே தெரியாது" என்று தரகர் சொன்னாராம். அப்படிப்பட்ட நான்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், இருநூற்று எண்பது அடி ஆழத்தில் சிவனே என்று ஓடிக்கொண்டிருந்த போர் மோட்டாரை வெளியே எடுக்க வைத்தேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தடுத்திருக்கலாம். சொல்லவில்லை.

அதற்கு முன்னால் என் இசைப் பயணத்தைச் சொல்லிவிடுகிறேன். (சிரிப்பை இப்பவே சிரிச்சு முடிச்சிருங்க.)

என் மகன் கார்த்தி வீட்டில் இருந்தவரை அவன் அறைக்கதவு சாத்தியே இருக்கும். உள்ளே பாட்டு ஓடும். என்ன பாட்டு என்று வெளியே கேட்காது. டும், டும் என்று அடி மட்டும் சுவர் வழியாக வரும். அடுப்படியில் ஆணியில் தொங்கும் கரண்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். "டேய், குறைடா!" என்று தினமும் கத்துவேன். அவன் அப்பா காலமான பிறகு நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதில் பாதி அதுதான்.

போன வருடம் அவனுக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. கிளம்பும்போது பழைய லேப்டாப்பையும், டும் டும் போடும் அந்த முழங்கால் உயர பேஸ் பாக்ஸையும் விட்டுவிட்டுப் போனான். "நீ சீரியல் பாக்க வச்சுக்கம்மா" என்றான். முதல் வாரம் வீடு அமைதியாக இருந்தது. இரண்டாவது வாரமும் அமைதியாக இருந்தது. மூன்றாவது வாரத்தில் அடுப்படியில் நின்றுகொண்டு கரண்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் லேப்டாப்பைத் திறந்தேன். அவன் பாட்டு உண்டாக்கிப் பழகிய மென்பொருள் ஒன்று அதில் இருந்தது. கலர் கலராகக் கட்டங்கள். ஒரு சிவப்புக் கட்டத்தை அமுக்கினேன். டும்! நான் எழுந்து நின்றுவிட்டேன். மறுநாள் மறுபடி அமுக்கினேன்.

கப்பலூரில் ஒரு கம்பெனியில் பிளாஸ்டிக் மூடிகளை எண்ணிப் பெட்டியில் போடுவது என் வேலை. ஆறரைக்கு வேன் இறக்கிவிடும். ஏழு மணிக்கெல்லாம் லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். குருநாதர், வீடியோவில் வரும் ஒரு தாடிக்காரர். பேசுவதெல்லாம் இங்கிலீஷ். நான் பத்தாவது. அவர் தலையை ஆட்டினால் சரி, முகத்தைச் சுளித்தால் தப்பு என்று புரிந்துகொண்டு படித்தேன். கார்த்தி மேஜை மேல் வைத்திருந்த பேஸ் பாக்ஸைத் தரையில், மூலையில் வைக்கச் சொன்னார். வைத்தேன். நாலு உறுமல், கொஞ்சம் அமைதி, அப்புறம் மொத்தமாக ஒரு இறக்கு இறக்க வேண்டும் என்றார். இறக்கினேன்.

ஒரு குறைதான். நான் உட்காரும் இடத்தில் உறுமல் சரியாகக் கேட்கவில்லை. குழம்பில் உப்பு குறைந்தால் என்ன செய்வோம்? இன்னொரு உறுமலைச் சேர்த்தேன். போதவில்லை. மூன்று, நான்கு என்று ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினேன். சில அறைகளில் அந்த அடித்தொண்டைச் சத்தம், போடுகிற இடத்தில் கேட்காது, வேறு எங்கேயாவது போய் நிற்கும் என்பதைத் தாடிக்காரர் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் இங்கிலீஷில் சொல்லியிருப்பார்.

வேறு எங்கேயோ போய் நிற்கவில்லை. நேராகக் கீழ்வீட்டில் போய் நின்றது.

கீழே இருப்பவர்கள் வீட்டுக்காரர் கோபாலண்ணனும் ருக்மணியக்காவும். அண்ணன் பட்டுச்சேலைக் கடையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர்களுக்குள் பேசிக்கொள்வது சௌராஷ்டிரம். படியில் ஏறும்போது காதில் விழும், ஒன்றும் புரியாது. அந்த மாதம் மட்டும் ஒரே ஒரு சொல் திரும்பத் திரும்பப் புரிந்தது: மோட்டார். தண்ணீர்ப் பஞ்சம் போல என்று நினைத்து ஒரு வாரம் அரை வாளியில் குளித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பாட்டை மறுபடி மறுபடி ஓடும்படி போட்டுவிட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. பேஸ் பாக்ஸ் செத்தது. லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டே இருந்தது. சத்தம்தான் வரவில்லையே என்று அதை அப்படியே விட்டுவிட்டு எட்டிப் பார்த்தேன். கீழே போர் குழாய்க்கு மேல் மூன்று கம்பங்களை நட்டு, செயினைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இறங்கிப் போனேன்.

"வாம்மா சாந்தி. மெயினை அமத்திருக்கோம். மோட்டாரைத் தூக்குறோம்" என்றார் கோபாலண்ணன்.

"ஏன்ணே, தண்ணி நல்லாத்தான வருது?"

"தண்ணி வருதும்மா. ஆனா பதினஞ்சு நாளா சாயங்காலம் ஏழு மணியானா உறுமுது. ஸ்டார்ட்டரை ஆஃப் பண்ணாலும் உறுமுது. இன்னைக்கி விடிஞ்சதும் ஆரம்பிச்சிருச்சு."

"சும்மா உறுமுனாக்கூடப் பரவால்ல" என்றார் ருக்மணியக்கா. "ஊம்... ஊம்... ஊம்... ஊம்னு நாலு தடவை. கொஞ்சம் நிக்கும். அப்புறம் டமார்னு ஒண்ணு விழும் பாரு, சாமி படமெல்லாம் ஆடுது."

என் பாட்டை வேறொருவர் பாடி அன்றுதான் முதல் முறையாகக் கேட்டேன். தாளம் கொஞ்சமும் பிசகவில்லை.

மெக்கானிக் மலைச்சாமி, மேலூர்க்காரர், மண்டையைச் சொறிந்தார். "ஆஃப் பண்ண மோட்டாரு எப்புடிண்ணே உறுமும்?"

"அது தெரிஞ்சா உன்னைய எதுக்குய்யா கூப்புடுறேன்?"

"அப்ப பேரிங்தான். வேற ஒண்ணுமில்ல" என்று மலைச்சாமி உறுதியாகச் சொல்லிவிட்டுச் செயினை இழுத்தார்.

இந்த வயதில், இந்த அம்மா, இந்த வேலையா செய்கிறாள் என்று தெரு முழுக்கப் பேசும். வீட்டைக் காலி பண்ணச் சொல்வார்கள். கார்த்திக்குத் தெரிந்துவிடும். இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். "அண்ணே, அது வந்து..." என்று ஆரம்பித்தேன்.

எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"காப்பி போடவா?" என்றேன்.

மொத்தம் பதினான்கு குழாய்கள். ஒவ்வொன்றாக மேலே இழுத்து, கழற்றி, சுவரோரம் அடுக்கினார்கள். இரண்டாவது குழாயில் சொல்லிவிடலாம் என்று போனேன், மோர் கொடுத்துவிட்டு வந்தேன். ஐந்தாவது குழாயில் சுண்டல். தெருவே வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது. எதிர்வீட்டு அம்மா எனக்கு நாற்காலி போட்டார். கடைசி வீட்டுக்காரர், "நீங்க இந்தத் தெருவுலயா இருக்கீக?" என்று ஆச்சரியப்பட்டார். (ரெண்டு வருசமா இருக்கேன்.) யார் யாரோ என் ஊரைக் கேட்டார்கள், மகனைக் கேட்டார்கள், சுண்டல் கேட்டார்கள். பத்தாவது குழாய் வந்தபோது, இன்னும் நாலுதானே இருக்கிறது என்று எனக்கு வருத்தமாக இருந்தது. இதை அன்று யாரிடமும் சொல்லவில்லை, இன்றுதான் எழுதுகிறேன்.

மோட்டார் வந்தது. சாக்கின் மேல் படுக்க வைத்து மலைச்சாமி கையால் சுற்றிப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு சுற்றியது.

"அண்ணே, மாப்பிள்ளை மாதிரி இருக்குண்ணே. ஒரு கொறையும் இல்ல."

"இம்புட்டு நேரம் பேரிங்னு சொன்ன?" என்ற கோபாலண்ணன், வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க, ஃபேனுக்கடியில உக்காருவோம்" என்று மெயினைப் போட்டார்.

ஊம்... ஊம்... ஊம்... ஊம்.

எல்லோரும் மோட்டாரைப் பார்த்தார்கள். அது வயரை அறுத்த நிலையில் சாக்கில் கிடந்தது. மலைச்சாமி இரண்டடி பின்னால் போனார். ருக்மணியக்கா, "அழகரே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். கொஞ்சம் அமைதி. எனக்கு மட்டும்தான் தெரியும், அடுத்து என்ன வரும் என்று.

டமார்!

"மேல இருந்துல்ல வருது" என்றார் மலைச்சாமி.

"மாடியில யாரும்மா இருக்கா?" என்று கேட்டார் கோபாலண்ணன்.

"யாருமில்லண்ணே. அது... என் பாட்டு."

"பாட்டா?"

"ஆமாண்ணே. நானே போட்டது."

மலைச்சாமி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். "இதுல பாட்டு எங்கக்கா இருக்கு?"

தெருவில் ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார். அப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை. கோபாலண்ணன் மட்டும் சிரிக்காமல் படியில் உட்கார்ந்தார். கூலியை நான் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அவர் கையை ஆட்டி மறுத்தார்.

"அதை விடு. பதினாலு பைப்பு வர்ற வரைக்கும் ஏம்மா சொல்லல?"

"கூச்சமா இருந்துச்சுண்ணே."

"பதினாலு பைப்புக்கும் பலகாரம் குடுக்கக் கூச்சமில்லையாக்கும்" என்றார் ருக்மணியக்கா. சொல்லிவிட்டு, விறுவிறுவென்று மாடிப்படி ஏறினார். கார்த்தியின் கட்டிலில் உட்கார்ந்து, "எங்க, போடு பாப்போம்" என்றார். நாங்கள் குடிவந்த பிறகு அந்தக் கட்டிலில் வெளியாள் ஒருவர் உட்கார்ந்தது அன்றுதான். போட்டேன். முழுசாகக் கேட்டார்.

"மேல ஒண்ணுமே கேக்கலையே சாந்தி. இதுக்குக் கீழயே நல்லாருக்கு."

அன்று மாலை கார்த்தியிடம் நானே போனில் சொன்னேன். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது அவனுக்கு. அப்புறம் கேட்டான்: "நீ எதுக்கும்மா இதெல்லாம் பண்ணிக்கிட்டிருக்க?"

"பொழுது போகலடா" என்றேன்.

பாக்ஸ் எங்கே இருக்கிறது, எத்தனை உறுமல் அடுக்கினேன் என்று விசாரித்தான். பிறகு, "பாக்ஸை மூலையில இருந்து எடு. அடியில மெத்துனு ஏதாச்சும் போடு. நாலு உறுமல் எதுக்கு, ஒண்ணு போதும்" என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரம் பேசினான். "சாப்டியா?" என்பதைத் தாண்டி எங்கள் பேச்சு போய் அப்போது நாலு மாதம் ஆகியிருந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் பாடம் நடக்கிறது. தாடிக்காரரை விட்டுவிட்டேன்.

போன மாதம் ஒரு நாள் ருக்மணியக்கா படியில் நிறுத்தினார். "இப்பத்தான் உனக்குக் கை வந்திருக்கு சாந்தி. மூணு நாளா என்ன அழகா வருது! சன்னமா, ஒரே சீரா. அண்ணன்கூட நல்லாருக்குன்னாரு."

மூன்று நாளாக எனக்குக் காய்ச்சல். லேப்டாப்பைத் தொடவே இல்லை. ஆனால் என் பாட்டை நன்றாக இருக்கிறது என்று ஒருவரும் அதுவரை சொன்னதில்லை. அந்த முகத்தைப் பார்த்து எப்படி மறுப்பது?

"தேங்க்ஸ்க்கா" என்றேன்.

மறுநாள் மத்தியானம் மோட்டார் கருகிவிட்டது. மலைச்சாமி வந்தார்; முதலில் மாடியேறி, லேப்டாப் மூடியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் செயினைக் கட்டினார். இந்த முறை நிஜமாகவே பேரிங்.

லீவில் வரும்போது, வீட்டுக்கு யார் வந்தாலும் கார்த்தி இந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. கடைசியில் இப்படி முடிப்பான்: "எங்கம்மா பாட்டுலயே சூப்பர் ஹிட்டு ஒண்ணுதான். அதுவும் மோட்டார் போட்டது."